உறைந்த உடலும் ஈந்த குருதியும்



மரணத்தை வெல்ல வழி கண்டோம் என்போர் எக்காலத்தும் உளர். முன்னாளில் காயகற்பம் தேடினர். இந்நாளில் கடுங்குளிரை நாடுகின்றனர். இதுபற்றித் தம்மம் யாது கூறுகின்றது என்பதைச் சற்றே சிந்திப்போம்.

1967 சனவரி 12ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்னும் உளவியல் பேராசிரியர் புற்றுநோயால் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 73. அவர் விரும்பியவாறே, அவ்வுடல் எரிக்கப்படவுமில்லை; புதைக்கப்படவுமில்லை. அதனை உறையவைத்துத் திரவ நைட்ரசன் நிரம்பிய கலத்துள் இட்டனர். அதன் குளிர் சுழியத்திற்குக் கீழ் 196 பாகை. பிற்கால மருத்துவம் உறைந்தோரை எழுப்பும் என்பதே அம்முறையின் நம்பிக்கை. அரை நூற்றாண்டு கடந்தது. அவர் எழவில்லை; அவருக்குப் பின் அவ்வாறு உறைந்தோருள் எவரும் எழவில்லை.

காரணம் யாது? உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் நீர் உண்டு. அது பனிக்கட்டியாகுங்கால் அணுவைச் சிதைக்கின்றது. கிளிசரின் சேர்த்தால் உறைந்த விந்தணுக்கள் பிழைக்கும் என 1949இல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் கண்டனர். அணுக்களுக்கு இயன்றது முழு உடலுக்கு இன்றளவும் இயலவில்லை.

அக்குளிர்தானும் நிலையானதோ? ஆவியாகும் திரவத்தை ஓயாது ஊற்றுதல் வேண்டும். ஊற்றக் கையும் பொருளும் வேண்டும். அதே கலிபோர்னியாவில் சாட்ஸ்வொர்த் இடுகாட்டின் நிலவறையில் வைக்கப்பட்ட உடல்கள், பொருள் வற்றியமையால் பேணுவாரின்றி அழுகிப்போயின. 1979இல் இச்செய்தி உலகறிந்தது. சார்ந்து தோன்றுவன யாவும் சார்பு நீங்கின் அழியும். பனிக்கும் அந்நியதியே.

ததாகதர் தம் 80ஆம் அகவையில், தம் உடல் கட்டுப்போட்டு ஓட்டும் பழவண்டி போன்றது என்றார். ஆனந்தர் அழுதபோது அவரைத் தேற்றினார். தம் உடலைக் காத்து வைக்கப் பணித்தாரல்லர். குசிநாராவில் அவ்வுடல் தீயிலிடப்பட்டது. நமக்கு அவர் விட்டுச்சென்றது தம்மமே.

அங்ஙனமாயின் உறையவைத்தல் குற்றமோ? அன்று. 1988இல் பாரிஸ் நகர மருத்துவமனையில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கொடிய குருதிநோய். அவன் தங்கை பிறந்தபோது கொப்பூழ்க்கொடியில் எஞ்சிய குருதியை அமெரிக்காவில் உறையவைத்து, பாரிசுக்குக் கொணர்ந்து அவனுக்கு ஏற்றினர். அவன் பிழைத்துப் பல்லாண்டு வாழ்ந்தான். எறியத்தக்கது ஓர் உயிரைக் காத்தது!

இரண்டிடத்தும் குளிர் ஒன்றே, கருத்தே வேறு. 'இவ்வுடல் எனது, இது என்றும் இருக்கவேண்டும்' என்பது தண்ஹா. 'இது உனக்கு உதவட்டும்' என்பது தானம்.

பிறரை நோக்கி நகைத்தல் எளிது. நம் இல்லங்களில் நிகழ்வது யாது? இறந்தவர் கண்களைத் தானமளிக்கக் கேட்டால், மறுபிறப்பில் குருடராவார் என்று அஞ்சித் தடுப்போர் இலரோ? கண்ணைச் சுமந்து செல்லும் ஆன்மா உண்டெனப் பகவன் கற்பிக்கவில்லை. போதிசத்துவர் சிவி மன்னராய்ப் பிறந்தபோது, உயிரோடிருக்கையிலேயே தம் இரு கண்களையும் ஈந்தார் என்று சாதகக் கதை கூறும். நாமோ, தீயில் வேகும் கண்ணையும் ஈயத் தயங்குகின்றோம்! உடலை விட்டுப் பிரிய மறுத்த அப்பேராசிரியருக்கும் நமக்கும் வேற்றுமை யாது?

ஆதலின் அன்பர்களே, நலமுள்ளோர் குருதி ஈக. இறந்தபின் கண்களை ஈயும் விருப்பத்தை இன்றே இல்லத்தாரிடம் சொல்லி வைப்பீராக. நீவிர் மறைந்த பொழுது சொல்லவேண்டியவர் அவர்களே. திரிசரணம் ஏற்ற அன்று விடுத்த அச்சங்களோடு இவ்வச்சமும் ஒழிக.

எல்லா உயிர்களும் நலம் பெறுக!

சாது! சாது! சாது!