கதை சொன்னவரும் கேட்டவரும்

முற்காலத்தில் ஒருவரது வாழ்க்கை வரலாறு அவர் வாழ்ந்து முடித்த பின்னரே பெரும்பாலும் எழுதப்பெற்றது. இன்றோ சமூக ஊடகங்களில் அவரவர் வரலாற்றை அவரவரே நாள்தோறும் எழுதுகின்றனர். படிப்போர் இடும் விருப்பக் குறியையும் மறுமொழியையும் கண்டு மறுநாள் பகுதியை அமைக்கின்றனர். அவ்வாறாயின் அக்கதைக்கு ஆசிரியர் யார்? அதில் பொய் கலப்பின் அவ்வினை யாரைச் சாரும்?

ஆஸ்திரேலியாவில் பெல் கிப்சன் என்னும் இளம்பெண், தமக்கு மூளையில் புற்றுநோய் என்றும், வழக்கமான மருத்துவத்தைக் கைவிட்டு உணவு முறையால் அதனை வென்று வருவதாகவும் 2013 முதல் இன்ஸ்டாகிராமில் எழுதிவந்தார். இரக்கமும் வாழ்த்தும் குவிந்தன. கைப்பேசிச் செயலி வந்தது. 2014இல் சமையல் நூலும் வந்தது. அவ்வாண்டிலேயே நோய் இரத்தம், மண்ணீரல், கல்லீரல் எனப் பரவிவிட்டதாகவும் எழுதினார். 2015இல் யாவும் பொய்யென அவரே ஒப்புக்கொண்டார். 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது.

தண்டம் அவர் ஒருவருக்கே, அது முறையே. மெய்யாகவே நோயுற்று அவரை நம்பியோரைக் குறைகூற நமக்கு நா எழவில்லை. ஆயினும் நம் நூல்கள் வினையை அளக்கும் கோல் நீதிமன்றத்தின் கோலினும் நுண்ணியது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றையும் வினை ஊற்றுக்கு நிலைக்களமாக ஒருங்கே வைத்து எண்ணுகிறது. எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என்னும் மூன்றும், மனம் மொழி மெய் என்னும் மூன்றும், கோபம் மானம் மாயை லோபம் என்னும் நான்கும் அவற்றொடு பெருக 108 ஆகும். (ஜெபமாலை உருட்டுகையில் இக்கணக்கை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோமோ!)

விருப்பக் குறி இடுவதும் உடன்படுதலே அன்றோ? இரக்கத்தால் இட்டது ஒன்று. அடுத்த துன்பம் யாதென அறியும் ஆவலால் இட்டது வேறொன்று. கருத்து வேறாயினும் குறி ஒன்றே. எழுதுபவர்க்கோ எண்ணிக்கை மட்டுமே தெரிகிறது.

நல்வினைக்கு உடன்படுதல் புண்ணியம் என்பதும் நம் கொள்கையே. ஆதலின் நோன்பிருப்போர் படத்தைக் கண்டவுடன் தயங்காது கைகூப்பிய குறி இடுகிறோம். சென்ற தசலட்சண நாள்களில் உறவினர் இல்லத்துச் சிறுமி ஒருத்தி தன் படத்தை வெளியிட்டு, "இன்று உபவாசம்" என்று மட்டுமே எழுதியிருந்தாள். மூன்றாம் நாள் உடல் தளர்ந்தது. பாரணை செய்துகொள்ளுமாறு தாயார் மன்றாடினார். "பத்து நாளும் இருப்பேன் என்று எல்லாரும் எழுதிவிட்டார்களே அம்மா!" என்று அழுதாள். அவ்வாறு எழுதியோருள் நாமும் இருந்தோம்.