இருவர் பசியின் அளவு

நார்வேயின் வடக்கே லோஃபோட்டன் தீவுகளை ஒன்றோடொன்று கோத்துச் செல்கிறது ஈ10 நெடுஞ்சாலை. கோடை வந்துவிட்டால் அதில் ஊர்ந்து போகும் கேம்பர் வேன்கள் பலவற்றில் ஒரு கணவனும் மனைவியும் மட்டுமே இருப்பார்கள். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியபின், எங்கும் போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லாமல் கிளம்பியவர்கள். அந்த நாட்டின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குப் பெரிய சுதந்திரத்தைத் தருகிறது. குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, பயிர் செய்யாத நிலத்தில் யார் வேண்டுமானாலும் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கலாம். நில உரிமையாளரைக் கேட்க வேண்டியதில்லை. கைத்தூண்டிலால் கடல்மீன் பிடிக்க உரிமச் சீட்டும் வேண்டாம். மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை நடுவரை அங்கே சூரியன் மறைவதே இல்லை என்பதால் நள்ளிரவிலும் பாறைமேல் உட்கார்ந்து தூண்டில் போடுகிறார்கள். காலையில் துறைமுகச் சந்தைக்குப் போய் உள்ளூர் உருளைக்கிழங்கும் ரொட்டியும் வாங்குகிறார்கள். உழைத்துக் களைத்த இருவர் ஒருவருக்கொருவர் துணையாகக் கழிக்கும் இப்படிப்பட்ட நாட்களில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் அந்த நாட்களுக்குள் ஓர் உயிரின் சாவு இருக்கிறது. பொழுதுபோக்காகக் கிளம்பிய பயணத்தில் ஒரு மீனின் வாயில் முள்ளை மாட்டுவதற்கு என்ன நியாயம் என்ற கேள்வியை, மீன் சாப்பிடுகிறவர்களும் தள்ளிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

அவர்கள்முன் மூன்று வழிகள் உண்டு. பிடித்த மீனைத் திரும்பக் கடலிலேயே விடலாம். பிடித்ததைக் கொன்று சமைக்கலாம். தூண்டிலே போடாமல் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். பொதுவாக நம் மனம் இவற்றை எப்படி வரிசைப்படுத்தும் என்பது தெரிந்ததே: விடுவது கருணை, வாங்குவது நமக்குச் சம்பந்தமில்லாதது, தன் கையால் கொல்வது கொடுமை. இந்த வரிசை ஏறக்குறையத் தலைகீழானது என்பதே என் வாதம்.

முதலில் வலியைப் பற்றிய விவகாரத்தைத் தீர்க்க வேண்டும். மீனுக்கு வலியே இல்லையென்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2003-இல் பிரிட்டனில் லின் ஸ்னெடன் குழுவினர் வானவில் டிரௌட் மீன்களின் உதட்டில் அசெட்டிக் அமிலத்தையும் தேனீ நஞ்சையும் செலுத்திப் பார்த்தார்கள். அமிலம் பெற்ற மீன்கள் தொட்டியின் அடியில் கிடந்த சரளைக் கற்களில் உதட்டைத் தேய்த்தன. உடலை இப்படியும் அப்படியும் ஆட்டின. நெடுநேரம் இரையைத் தொடவில்லை. மார்ஃபின் கொடுத்தபோது இந்த நடத்தை குறைந்தது. முகத்தில், அதாவது தூண்டில் முள் தைக்கும் இடத்திலேயே, காயத்தை உணரும் நரம்புமுனைகள் இருப்பதையும் அதே குழு காட்டியது. இதற்கு எதிராக ஆஸ்திரேலியாவின் பிரையன் கீ, வலியை உணர்வதற்குப் பெருமூளைப் புறணி வேண்டும், மீனுக்கு அது கிடையாது, ஆகவே நாம் பார்ப்பது வெறும் அனிச்சைச் செயல் என்று 2016-இல் விரிவாக எழுதினார். அது எளிதில் ஒதுக்கக்கூடிய வாதம் அல்ல. ஆனால் பறவைக்கும் அந்தப் புறணி நம்முடையதைப் போல இல்லை. அதனால் பறவைக்கு வலி இல்லை என்று யாரும் துணிந்து சொல்வதில்லை. இரண்டு பக்கமும் அறிஞர்கள் நிற்கும்போது, தவறினால் யாருக்கு நட்டம் என்று பார்ப்பதுதான் முறை. வலி இருக்கிறது என்று தவறாக நம்பினால் மனிதனுக்குப் போவது கொஞ்சம் பொழுதுபோக்கு. இல்லை என்று தவறாக நம்பினால் துடிப்பது ஒரு பிராணி. நார்வே 2009-இல் இயற்றிய விலங்கு நலச் சட்டம் மீனையும் உள்ளடக்கியது. மனிதனுக்குப் பயன்படுகிறதா இல்லையா என்பதைச் சாராமல் விலங்குகளுக்குத் தமக்கென்று ஒரு மதிப்பு உண்டு என்று அது அறிவிக்கிறது. அந்த அளவுக்கு ஒப்புக்கொண்டால் போதும், மேலே நடக்கலாம்.

பிடித்து விடுவதை இப்போது கிட்டே போய்ப் பார்ப்போம். மீன் இரையைக் கவ்வுகிறது, முள் தைக்கிறது, அது தப்பிக்கப் பார்த்து ஓடுகிறது. பிடிப்பவர் நூலை விட்டுப் பிடித்து, அதன் பலமெல்லாம் ஓய்ந்தபின் கரைக்கு இழுக்கிறார். முள்ளைக் கழற்றுகிறார், படம் எடுத்துக்கொள்கிறார், நீரில் விடுகிறார். நல்ல மனமுடையவர் எதிர்முள் இல்லாத கொக்கியை வைத்திருப்பார். ஈரக் கையால்தான் மீனைத் தொடுவார். தூக்கிப் பிடித்து நேரத்தைக் கடத்த மாட்டார். இந்தக் கவனங்களையெல்லாம் மதிக்கிறேன். ஆனாலும் இந்தச் செயலில் மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், மீன் போராடியதிலிருந்து வருகிறது என்பதே நேர்மையான பதில். சமைப்பதற்காகப் பிடிப்பவருக்கும் அந்த இழுபறியில் உற்சாகம் இருக்கத்தான் செய்கிறது; மறுக்கவில்லை. இருவரையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. மீன் துளியும் போராடாமல், அயர்ந்த நிலையில் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவுச் சமையலுக்காக வந்தவருக்கு அதில் குறை எதுவும் இல்லை. வேலை சீக்கிரம் முடிந்தது. விடுவதற்காகப் பிடிப்பவருக்கோ அன்றைய நாளே வீண். அப்படியானால் முதலாமவருக்கு மீனின் துன்பம் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடக்கூடிய செலவு. இரண்டாமவர் தேடி வந்ததே அதைத்தான். ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதுகெலும்புள்ள பிராணியைக் கொல்லவோ துன்புறுத்தவோ நியாயமான காரணம் வேண்டும் என்கிறது. உணவு அந்தக் காரணமாகிறது, திரும்ப விடும் நோக்கத்தோடு பிடிப்பது ஆவதில்லை. சுவிட்சர்லாந்து 2008-இல் அத்தகைய தூண்டில் வேட்டையை வெளிப்படையாகவே தடைசெய்தது. மீன் தின்னும் நாடுகள் இவை. கொன்று தின்பதை அனுமதித்து, உயிரோடு விடுவதற்காகப் பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் முதல் பார்வையில் விந்தையாகத் தோன்றும். நோக்கத்தை வைத்து எடை போட்டால் அதன் நியாயம் தெளிவாகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று நம் காவிரிக்கரையிலிருந்தே வருகிறது. கர்நாடகத்தில் பீமேஸ்வரி, கலிபோரே போன்ற இடங்களில் பல ஆண்டுகள் மஹ்சீர் தூண்டில் முகாம்கள் நடந்தன. பிடித்த மீனை எடை பார்த்து, குறித்துவைத்து, ஆற்றிலேயே விட்டார்கள். அந்தக் குறிப்பேடுகளை ஆராய்ந்தபோதுதான், காவிரிக்கே உரிய ஆரஞ்சுத் துடுப்பு மஹ்சீர் அருகி வருவதும், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு இனம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டதும் வெளியே தெரிந்தது. 2018-இல் அந்த ஆரஞ்சுத் துடுப்பு மீன் எந்த அறிவியல் பெயருக்குரியது என்பது உறுதியாகி, மிக அருகிய இனங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. முகாம்கள் இருந்த காலத்தில் வெடி வைத்து மீன் பிடிப்பவர்களைத் தடுக்க ஆற்றில் காவலும் இருந்தது. ஆக, பொழுதுபோக்காளர்களே காவலர்களானார்கள் என்பது உண்மை. அந்தக் கடனை மறுப்பது நன்றியில்லாத காரியம். ஆயினும் இந்த வாதம் நிறுவுவது என்ன? அழியும் தறுவாயில் இருக்கும் ஓர் இனத்தைக் காக்க, அதில் சில மீன்களைப் பிடித்து அளந்து விடுவது நியாயம் என்பதை. அங்கே காரணம் காவல், அப்படியே ஏற்கிறேன். அழியும் தறுவாயில் இல்லாத காட் மீனை லோஃபோட்டன் பாறையிலிருந்து விடுமுறைக்காரர் ஒருவர் பொழுது போகாமல் பத்து முறை பிடித்து விடுவதற்கு அந்தக் காரணத்தைக் கடன் வாங்க முடியாது. காக்க வேறு வழியும் உண்டு. சிருங்கேரியில் துங்கை ஆற்றுப் படித்துறை மீன்களை யாரும் பிடிப்பதில்லை; யாத்திரிகர்கள் பொரி போடுகிறார்கள், மீன்கள் முழங்கை நீளத்துக்கும் மேலாகக் கொழுத்துத் திரிகின்றன.

அப்படியானால் சந்தைக்குப் போய்விடலாமே என்று தோன்றும். இங்கே நம் மரபுக்குள்ளேயே நடந்த பழைய விவாதம் ஒன்று உதவிக்கு வருகிறது. பௌத்தத் துறவிகளுக்குப் புத்தர் விதித்த நெறி, தனக்காகக் கொன்றதைக் கண்டிருந்தாலும், கேட்டிருந்தாலும், ஐயுற்றாலும் அந்த ஊனை ஏற்கக்கூடாது என்பது. யாருக்கென்று இல்லாமல் கொன்று விற்ற ஊனை வாங்குபவரும் அதே நிழலில் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று சிலர் நீட்டிப் பொருள் கொண்டார்கள். வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் இந்த வாசலை அடைக்கிறார். தின்பவர் கேட்காவிட்டால் விற்பவர் ஏன் கொல்லப்போகிறார் என்பது அவர் கேள்வியின் சாரம். நூற்றாண்டுகள் பல கடந்தும் அந்தக் கேள்வியில் ஓட்டை விழவில்லை. சந்தையில் வாங்குபவர் கொலையிலிருந்து விலகவில்லை, கொலையைக் காணாமல் இருக்கும் வசதியை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். துன்பத்தின் அளவைப் பார்த்தாலும் கணக்கு சந்தைக்குச் சாதகமாக இல்லை. இழுவலையில் சிக்கிய மீன் நெரிசலில் நசுங்குகிறது. தளத்தில் கொட்டியபின் மூச்சு முட்டிப் பல நிமிடம் துடித்துச் சாகிறது. வேண்டாத இனங்களும் கூடவே மடிகின்றன. ஆனால் எல்லாச் சந்தையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பேரன்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட வரும் காட் மீனை லோஃபோட்டன் மீனவர்கள் பிடித்து, இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரச்சட்டங்களில் தொங்கவிட்டு உப்பில்லாமல் காற்றிலேயே காயவைக்கிறார்கள். உடல் இத்தாலிக்குப் போகிறது. தலை தனியே காய்ந்து நைஜீரியாவுக்குப் போகிறது. நாக்கை அறுத்து விற்கும் வேலை ஊர்ச் சிறுவர்களுக்கு என்று வழிவழியாக ஒதுக்கியிருக்கிறார்கள். கொன்ற உயிரில் ஒரு பாகத்தையும் வீணாக்காத இந்தச் சிக்கனத்தில் அந்த உயிருக்கான மரியாதை இருக்கிறது. அத்தகைய மீனை விசாரித்து வாங்குகிற தம்பதி பொறுப்பிலிருந்து நழுவவில்லை.

எஞ்சியது பிடித்துச் சமைப்பது. இதில் கொலை கண்முன் நடக்கிறது, தன் கையால் நடக்கிறது. முறையாகச் செய்கிறவர் மீன் கரையேறிய கணமே கண்ணுக்கு மேலே மரக்கட்டையால் ஓங்கி ஓர் அடி அடிக்கிறார். மீன் நினைவிழந்ததும் செவுளை அறுத்து இரத்தத்தை வடியவிடுகிறார். துடுப்பு ஒருமுறை விறைத்து அடங்குகிறது. சில நொடிகள்தான். இழுவலைச் சாவோடு இதை ஒப்பிட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இந்த வழியை நான் மேலே வைப்பதற்கு முக்கியக் காரணம் வேகம் அல்ல, அதற்கு இயல்பாகவே ஓர் எல்லை இருப்பது. இருவர் ஓர் இரவில் எவ்வளவு தின்ன முடியும்? ஒரு நடுத்தரக் காட் மீன் இருவருக்கு இரண்டு வேளைக்குக் காணும். அது கிடைத்த பிறகு தூண்டிலைச் சுருட்டி வைக்க வேண்டும். விளையாட்டுக்கு இப்படி உள்ளிருந்து எழும் எல்லை கிடையாது. பிடித்து விடுபவர் காலையிலிருந்து மாலைவரை பிடிக்கலாம், ஒவ்வொன்றையும் விட்டுவிட்டோமே என்ற நிம்மதியோடு. பேராசைக்கும் எல்லை கிடையாது. வேனில் உறைபெட்டி வைத்து வெட்டிய மீனை மூட்டை மூட்டையாக ஊருக்குக் கொண்டுபோனவர்கள் பெருகியதால்தான், 2006-இல் நார்வே தலைக்கு 15 கிலோ என்று வரம்பு கட்ட நேர்ந்தது. பின்னர் பதிவுபெற்ற மீன்பிடி விடுதிகளில் தங்குபவர்களுக்கு மட்டுமே கொண்டுபோகும் உரிமை என்று இன்னும் இறுக்கினார்கள். பசியை அளவாக வைத்துக்கொண்டவர்களுக்கு இந்தச் சட்டம் தேவையே பட்டிருக்காது.

‘பசியா? அந்த ஊரிலும் கடையில் பருப்பும் காய்கறியும் கிடைக்கிறதே!’ என்று சைவர் கேட்பார். இதுதான் எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு. இதை நான் வெல்ல முயலப்போவதில்லை. வேன் வாங்க வசதியுள்ள தம்பதிக்கு மீன் உயிர்ப்பிழைப்பு அல்ல. அருளுடைமைக்கு அடுத்ததாகப் புலால் மறுத்தலை வள்ளுவர் வைத்ததும், வள்ளலார் அதையே வாழ்வின் வாசற்படியாக வைத்ததும், கொல்லாமலே வாழ முடிகிறபோது கொல்வதற்குக் காரணம் சொல்ல வேண்டியவர் கொல்பவரே என்பதால்தான். தூண்டிலைத் தொடாத பயணம் இந்த மூன்று வழிகளுக்கும் மேலானது; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மறுப்பு என் வரிசையைக் கலைக்கவில்லை, அதற்கு மேலே இன்னொரு படியை வைக்கிறது. உச்சிப்படியில் ஏறாதவர்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டால், ஒரு மீனோடு நிறுத்திக்கொள்கிறவருக்கும் உறைபெட்டியை நிரப்புகிறவருக்கும் வேறுபாடு இல்லாமல் போகும். அருள் என்பது இருக்கிறது அல்லது இல்லை என்ற கணக்கில் வருவதல்ல, கூடிக்கூடி வளர்வது என்று நம்புகிறேன். தம்பதிகளில் ஒருவர் சைவமாகவும் மற்றவர் மீன் தின்பவராகவும் இருப்பதும் உண்டு. அங்கே அளவு ஒருவர் பசியாகச் சுருங்கும். பெரும்பாலும் அந்த வேனில் தூண்டில் வெளியே வருவதும் குறையும், ஏனென்றால் முள்ளில் துடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற ஒருவர் கூடவே இருக்கிறார்.

இன்னும் ஓர் இடர்ப்பாடு மிச்சம் இருக்கிறது. சமையலுக்கென்றே தூண்டில் போட்டாலும் விட்டே ஆக வேண்டிய மீன்கள் வரும். நார்வேயில் 84 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஹாலிபட்டைச் சட்டப்படி விட வேண்டும். 2 மீட்டருக்கு மேற்பட்டதையும் விட வேண்டும், அது முட்டையிடும் தாயாக இருக்கும். ஹாலிபட்டுக்குக் காற்றுப்பை இல்லாததால் அது பிழைக்க வழியுண்டு. காற்றுப்பை உள்ள மீனை ஆழத்திலிருந்து விரைவாக இழுத்தால் அழுத்தம் குறைந்து பை ஊதி வெடிக்கிறது. சில இனங்களுக்குக் கண் பிதுங்கி, வயிறு வாய்வழியே வெளியே தள்ளுகிறது. அதை விட்டாலும் நீரின்மேல் மிதந்து கடற்பறவைக்கு இரையாகும். ஆகவே பிடித்துத் தின்பவரும் விடுவதன் துன்பத்திலிருந்து முற்றாகத் தப்பவில்லை. அவரால் செய்ய முடிவது அதைக் குறைப்பது மட்டுமே: சிறுமீன் வாய்க்குள் நுழையாத பெரிய கொக்கி, ஆழம் குறைந்த இடம், சிறுமீன்கள் தொடர்ந்து மாட்டினால் இடத்தை மாற்றுவது, அப்படியும் மாட்டினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு ரொட்டியும் உருளைக்கிழங்குமாகச் சாப்பிட்டுப் படுப்பது.