கூண்டின் முன் எழுந்த கேள்வி

சென்ற மார்கழியில் தில்லியிலுள்ள எம் மகள் இல்லத்தில் தங்கியிருந்தபோது, ஐந்து வயதுப் பேத்தியை அழைத்துக்கொண்டு ஒருநாள் மிருகக்காட்சிசாலைக்குச் சென்றோம். பழைய கோட்டையின் அருகே 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சாலை அது. காலைப் பனி விலகி இளவெயில் பரவிய நேரம். கம்பளித் தொப்பியணிந்த குழந்தைகள் எங்கும் ஓடிக்கொண்டிருந்தனர். வெண்புலியின் இருப்பிடத்தின் முன் கூட்டம் நெருக்கிற்று. புலியோ சற்று நேரம் வெயிலிற் படுத்திருந்தது. பின் எழுந்து, நடந்த தடத்திலேயே மீண்டும் மீண்டும் நடந்தது.

எம் கையைப் பற்றி நின்ற குழந்தை, “தாத்தா, இது என்ன தப்பு செய்தது?” என்று கேட்டாள். அடைபட்டவர் தவறு செய்தவராகவே இருத்தல் வேண்டும் என்பது அவள் கணக்கு. “ஒன்றுமில்லை அம்மா. இங்கே வேளைக்கு இறைச்சி கொடுக்கிறார்கள். குளிர் தாக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். காட்டில் இதெல்லாம் கிடைக்குமா?” என்றோம். சொல்லி முடிக்குமுன் எம் நா கூசிற்று.

ஏனெனில், இந்த விடையை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். பண்ணையாட்களாய்க் கட்டுண்டு கிடந்த நம் பாட்டன்மாரைக் குறித்து, “கூழ் ஊற்றுகிறோம், ஆண்டுக்கொரு துணி கொடுக்கிறோம், குடிசைக்கு இடம் விட்டிருக்கிறோம், இன்னும் என்ன குறை?” என்று கேட்டவர்களின் சொல்லே எம் வாயிலும் வந்துவிட்டது. மனிதரை விலங்கோடு ஒப்பிடுகிறோம் என எவரும் கொள்ள வேண்டா. அவ்வொப்பினால் நம்மவர் பட்டது போதும். ஒப்பாயிருப்பது அடைத்தவன் கூறும் நியாயம் ஒன்றே.

அப்புலி செய்த குற்றந்தான் யாது? பிறந்தது ஒன்றே. 1951-ஆம் ஆண்டில் ரீவா வட்டாரக் காட்டில் வெண்புலிக் குட்டியொன்று பிடிபட்டது. மோகன் என்று அதற்குப் பெயரிட்டனர். அதன் நிறத்தை வழிவழியாகக் காண விரும்பி, அதனை அதன் மகளோடே இணைத்தனர். 1958-இல் வெண்குட்டிகள் பிறந்தன. அவ்வழி வந்த புலிகள் பல நாட்டுக் கூண்டுகளில் இன்றும் உள்ளன. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைத்தமையால் உடற்குறைகளும் தொடர்ந்தன. நிறத்துக்காகப் பிறப்பிக்கப்பட்டு, நிறத்துக்காகவே அடைபட்ட உயிர் அது. பிறப்பினால் விதிக்கப்படும் சிறையை அறியாதவரோ நாம்?

அப்படியாயின் கதவைத் திறந்துவிடலாமே எனின், அதுவும் கருணையாகாது. கூண்டிற் பிறந்து வேட்டை கல்லாத புலி காட்டிற் பிழைத்தல் அரிது. மேலும், எல்லா அடைப்பும் ஒன்றல்ல. மணிப்பூரின் சங்காய் மான்களை எண்ணிப் பார்ப்போம். 1975-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், அவற்றின் தாயகமான கெய்புல் லம்ஜாவோவில் 14 மான்களே காணப்பட்டன. அவ்வினம் அற்றுப்போகாதிருக்கக் காட்சிசாலைகளிலும் அவற்றை வளர்த்து வருகின்றனர். அந்த அடைப்பு அவ்வுயிரின் பொருட்டு. வெண்புலியின் அடைப்போ நம் கண்களின் பொருட்டு. எண்ணமே வினையென்பது பகவான் புத்தரின் போதனை. ஆகவே, கூண்டின் முன் நிற்போர் கேட்க வேண்டியது ‘உணவு உண்டா?’ என்பதன்று, ‘யார் பொருட்டு இந்த அடைப்பு?’ என்பதே.

அக்காட்சிசாலையிலிருந்து சிறிது தொலைவில், பிரோஸ் ஷா கோட்லாவில், மாமன்னர் அசோகரின் கற்றூண் நிற்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் தோப்ராவிலிருந்து கொண்டுவந்து நாட்டப்பட்ட தூண் அது. முடிசூடி 26 ஆண்டுகள் கழிந்தபின் பொறித்த சாசனத்தில், கிளியும் மைனாவும் முதலாகக் கொல்லத்தகாத உயிர்களை மன்னர் வரிசைப்படுத்துகிறார். அதன் இறுதியில், அதுவரை 25 முறை சிறைப்பட்டோரை விடுவித்ததையும் குறிக்கிறார். விலங்கின் உயிரும் மனிதரின் விடுதலையும் ஒரே சாசனத்தில் அமைந்தன. அத்தூணின் மற்றொரு சாசனத்தில், அறம் வளர்வது விதிகளால் சிறிதே, மனம் இணங்குவதால் பெரிதே என்கிறார். நம் நாட்டில் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்சிசாலைகளைக் கண்காணிக்க 1992-இல் மத்திய ஆணையமும் அமைந்தது. அவை வேண்டியவையே. எனினும், கூண்டைக் கண்டு களிக்கும் மனத்தை எந்தச் சட்டம் திருத்தும்?

வெளியே வரும்போது எம் விடையை நாமே திருத்திக்கொண்டோம். “அது ஒரு தப்பும் செய்யவில்லை அம்மா” என்றோம்.

“அப்படியானால் நாம் ஏன் காசு கொடுத்துப் பார்த்தோம்?” என்றாள் குழந்தை.

அதற்கு உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. நாம் கொடுத்த காசும் அக்கூண்டின் ஒரு கம்பியே அன்றோ! அன்றிரவு பஞ்சசீலம் சொல்லுகையில் முதற் சீலத்திலேயே மனம் நின்றுவிட்டது. கொல்லாமை அச்சீலத்தின் வாயில் மட்டுமே. பிறிதோர் உயிரின் துன்பத்தில் நம் இன்பத்தைத் தேடாமையே அதன் உள்ளிடம். வாயிலிலேயே நின்று, உள்ளே புகுந்துவிட்டதாக எண்ணி மகிழ்ந்திருந்தோம். அன்பர்களே, நம் குழந்தைகளுக்குச் சீலத்தைக் கற்பிப்போமாக. அவர்கள் கேட்கும்போது நாமும் கற்போமாக.