புரட்டிப் பார்த்தால்

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுக் கராஜில் பழைய ரேடியல் ஆர்ம் சா ஒன்று நிற்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு பெரியவரிடம் வாங்கினேன். இதே மாநிலத்தில், பிரிட்ஜ்டன் ஊரில்தான் 1922வாக்கில் ரேமண்ட் டிவால்ட் இந்த வகை ரம்பத்தை உருவாக்கினார். பின்னால் ஒரு தூண், அதிலிருந்து மேசைக்கு மேலே நீளும் ஒரு கை, அந்தக் கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஓடும் மோட்டாரும் வட்ட பிளேடும். குறுக்கே அறுக்கும்போது மரம் அசையாது, ரம்பம்தான் வரும். கை சுழலும், மோட்டார் சாயும். எத்தனை பக்கம் அசைகிறதோ அத்தனை பக்கமும் நிலை தவறும்.

அதில் முதலில் செய்தது பூஜை அலமாரி. கதவு பொருந்தவில்லை, பென்சில் நுழையும் சந்து. "சாமி எட்டிப் பாக்கறாருங்க" என்றாள் மனைவி. நான் ரம்பத்தைத் திட்டினேன். புது மூலைமட்டம் வைத்துத்தானே கையைச் சரி செய்தேன்? ஏதோ உறுத்தியது. பலகையின் நேரான ஓரத்தில் மட்டத்தை வைத்து ஒரு கோடு போட்டேன். புரட்டி வைத்து, அதே புள்ளியிலிருந்து இன்னொன்று. மேலே போகப் போக இரண்டும் விலகின. மட்டமே கோணல்.

அளவையை எதனால் அளப்பது? இதையேதான் பௌத்தத் தத்துவ அறிஞர் நாகார்ஜுனர் தம் விக்கிரக வியாவர்த்தனி நூலில் கேட்டார். ஒரு பிரமாணத்தை, அதாவது அறியும் வழியை, நிறுவ இன்னொன்று வேண்டுமென்றால் அந்த வரிசைக்கு முடிவு ஏது? மீமாம்சைத் தத்துவத்தார் பதில் சுலபமானது: அறிவு தன்னளவிலேயே செல்லுபடியாகும், பிழை வெளிப்படும்வரை சந்தேகிக்க வேண்டாம். கடையில் வாங்கிய மட்டத்தை நான் நம்பியது அப்படித்தான். நியாயத் தத்துவத்தின் மூல நூலான நியாய சூத்திரம் தராசைக் காட்டுகிறது. பொன்னை நிறுக்கும் அதே தராசை, எடை தெரிந்த பொன்னை வைத்துச் சோதிக்கவும் செய்யலாம். கருவியே சோதனைப் பொருளாகவும் ஆகும்.

என்னிடம் எடை தெரிந்த பொன் இல்லை, அதாவது நம்பகமான வேறு மட்டம் இல்லை. ஆகவே 30 செ.மீ. அகல பிளைவுட்டை ரம்பத்தாலேயே அறுத்தேன். ஒரு பாதியை அடிமேலாகப் புரட்டி, இரண்டையும் மேசைத் தடுப்போடு ஒட்டிச் சேர்த்தேன். அரை மி.மீ. கோணல் இருந்தாலும் அது ஒரு மி.மீ. சந்தாக வாயைத் திறந்து காட்டும். பிழை தன்னை இரட்டித்துக்கொண்டு தானே சாட்சி சொல்கிறது! கையைத் தட்டி, அறுத்து, புரட்டி, மறுபடி தட்டி... பதினோராவது முறை சந்து தெரியவில்லை. (இதற்குத் தடுப்பு நேராக இருக்க வேண்டும், அதை நூல் கட்டிப் பார்த்தேன். மேசை கைக்கு இணையாக இருப்பது அதற்கும் முந்தியது. வரிசை மாறினால் அத்தனையும் வீண்.)

குற்றமற்ற நூலோ குருவோ இல்லாமல் நம் குற்றம் நமக்குத் தெரியாது என்பார் அப்பா. எனக்கு இப்போது அது சரியாகப் படவில்லை. வெளியிலிருந்து எந்தச் செங்கோணமும் என் கராஜுக்கு வரவில்லை. புரட்டிப் போடத் துணிந்தது மட்டும்தான் நடந்தது. ஆனால் அப்பா பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு: சந்து மறைந்தது என்றால் என் கண்ணுக்கு மறைந்தது என்றுதான் பொருள். 90 பாகை என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆகஸ்டு ஈரத்தில் மேசைப் பலகை வேறு ஊதிக்கொள்ளும்.

கோணல் மட்டத்தை எறியவில்லை. ஆணியில் தொங்குகிறது. "300க்கு 2 மி.மீ. வெளியே" என்று சிவப்பு மையில் அதன்மேல் எழுதி வைத்திருக்கிறேன்.