படியா, ரோப் காரா?

திருச்சியிலிருந்து துறையூர் வழியாகப் பச்சைமலைக்குச் சாலை உண்டு. அங்கே ரோப் கார் இல்லை. ரோப் காரில் ஏறக் குளித்தலை போய், மணப்பாறை சாலையில் அய்யர்மலையை அடைய வேண்டும். மலைமேல் உள்ள சிவனான ரத்தினகிரீசுவரரைக் காண அங்கே 1017 படிகள். 2024இல் ரோப் காரும் வந்தது. பழனி மலையிலோ 1966இலேயே விஞ்ச் என்னும் இழுவை வண்டி வந்துவிட்டது.

வியர்க்காமல் பெறும் தரிசனத்துக்குப் பலன் குறையுமா? பெரியபுராணம் இரு பக்கமும் இடம் தருகிறது. கயிலையில் கால் பதிக்க அஞ்சிய காரைக்கால் அம்மையார் தலையாலேயே ஏறினார். அப்பரோ நடந்து, தவழ்ந்து, உடல் தேய உருண்டும் கயிலையை எட்டவில்லை; வழியில் ஒரு குளத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். கயிலைக் காட்சி அங்கேயே கிடைத்தது. முயற்சி அவருடையது, காட்சியோ அருள். ஆகவே, முழங்கால் தேய்ந்த பாட்டி ரோப் கார் பெட்டியில் ஏறிப்போவதைக் குறைசொல்லச் சைவத்தில் இடமில்லை.