தந்திரம் விவேகமாகுமா?



கொலைஞன் ஒருவன் பொலிஸாரின் கண்ணில் மண்ணைத் தூவித் தப்பித்துக்கொண்டே இருக்கும் திரைப்படங்களை நம் வீடுகளில் பெரியோரும் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து பார்க்கின்றனர். “என்ன மூளை அவனுக்கு!” என்று வியக்கின்றனர். இந்த வியப்பு நியாயமானதா?

தென் கொரியாவில் 2003ஆம் ஆண்டு பொங் ஜூன்-ஹோ நெறிப்படுத்திய ‘மெமரீஸ் ஒவ் மேடர்’ என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். ஹ்வாசொங் பகுதியில் 1986 முதல் 1991 வரை நிகழ்ந்த பத்துக் கொலைகளைத் தழுவியது அது. மழையிரவில் வந்து மறையும் கொலைஞனை மகா சாமர்த்தியசாலி என்றே பார்ப்போர் எண்ணுவர். பொலிஸாரோ, கையில் அகப்பட்டவர்களை அடித்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கின்றனர்.

உண்மைக் கொலைஞன் 2019இல் மரபணுப் பரிசோதனையால் இனங்காணப்பட்டான். 1994இல் செய்த இன்னொரு கொலைக்காக அவன் ஏற்கெனவே ஆயுட்கால மறியலில் இருந்தான். பழைய கொலைகளுக்கு வழக்குத் தொடரும் காலவரையறை 2006இலேயே முடிந்துவிட்டது. 2020இல் நீதிமன்றில் சாட்சி சொன்னபோது, தான் தடயங்களை மறைக்கப் பெரிதாக முயலவில்லை என்றும், ஏன் பிடிபடவில்லை என்பது தனக்கே விளங்கவில்லை என்றும் கூறினான்.

ஆக, அவனைக் காத்தது அவனது மூளையன்று. 1988இல் நடந்த ஒரு கொலைக்காக நிரபராதி ஒருவர் பிடிக்கப்பட்டார். உறங்க விடாமல் விசாரிக்கப்பட்டு, செய்யாத குற்றத்தை ஏற்றார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மறியலில் வாடினார். அவர் குற்றமற்றவர் என 2020 டிசம்பரில்தான் தீர்ப்பாயிற்று.

தீய நோக்கத்துக்குத் துணைபோகும் தந்திரத்தை விவேகம் என்னும் புண்ணியத்திலிருந்து பிரித்துக் காட்டினார் புனித தோமஸ் அக்குவினாஸ். அவ்வேறுபாட்டை நாம் மறப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கொலைஞனை மேதையாக்கிவிட்டால், அவனைத் தப்பவிட்ட மனிதரின் அவசரத்தையும் அலட்சியத்தையும் எவரும் கேள்வி கேட்பதில்லை. யாரையாவது பிடித்துத் தண்டித்தால் போதும் என்று கூட்டத்தோடு கூடிக் கூச்சலிட்ட நாமும் தப்பிவிடுகிறோம். நம் ஆண்டவர் அப்படியொரு கூச்சலினாலன்றோ சிலுவைக்குக் கையளிக்கப்பட்டார்!

பெற்றோரே, இத்தகைய படத்தைப் பார்த்தபின் பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இறந்தவர்களில் ஒருவருடைய பெயராவது நினைவில் நிற்கிறதா? அவனுக்குப் பதிலாக அடிபட்டவர் யார்?

இறைவனின் நீதிக்குக் காலவரையறை இல்லை என்பது நம் விசுவாசம். ஆனால், அந்த நிரபராதி இழந்த இருபது ஆண்டுகளுக்கு மனிதராகிய நாமே கணக்குக் கொடுக்க வேண்டும்.