பிணியுற்ற பிள்ளையின் தலைமாட்டில்

 



நோயுற்றவரைச் சென்று நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் மீதுள்ள கடமைகளுள் ஒன்று என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், நோயாளி என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுபவர் யார்? கட்டிலோடு கிடக்கும் முதியவர். வாதத்தில் கைகால் விழுந்துவிட்ட பெரியவர். பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடமாடும் பதினாறு வயதுப் பிள்ளையை நாம் நோயாளி என்று எண்ணுவதில்லை. அவன் உள்ளத்தில் என்ன ஓடுகிறது என்று கேட்பதும் இல்லை.

நாமும் கேட்காமலே இருந்தோம். அதன் பலனைக் கண்ணால் கண்ட பிறகே இதை எழுதத் துணிந்தோம்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி செல்லும் பாதையையொட்டிய ஒரு சிற்றூரின் பள்ளிவாசலில் சில ஆண்டுகளுக்கு முன் ரமளான் மாத பயான் செய்துகொண்டிருந்தோம். தகுந்த காரணமின்றி ரமளானில் ஒரு நோன்பை விட்டவர், காலமெல்லாம் நோன்பு நோற்றாலும் அதற்கு ஈடாகாது என்ற ஹதீதை அழுத்தந்திருத்தமாக எடுத்துச் சொன்னோம். கூட்டம் உருகிக் கேட்டது. பின்வரிசையில் அந்தப் பிள்ளையும் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

பதினோராம் வயதிலிருந்தே அவனுக்கு முதல் வகை நீரிழிவு. அன்றாடம் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். இது அவன் வீட்டாருக்கு மட்டுமே தெரியும். தங்கைக்கு நாளை மாப்பிள்ளை பார்க்க வேண்டுமே என்று அத்தா மறைத்தார். தோழர்கள் கேலி பேசுவார்களே என்று மகனும் மறைத்தான். வயதுக்கு வந்த பிள்ளை நோன்பு வைக்கவில்லையா என்று தெருவில் ஒருவர் கேட்டுவிட்டார். மறுநாள் வீட்டார் தடுத்தும் கேளாமல் ஸஹர் செய்தான், வழக்கமான அளவு ஊசியையும் போட்டுக்கொண்டான், நிய்யத் வைத்துவிட்டான்.

அஸர் தொழுகை முடிந்து எழும்போது அவன் சரிந்து விழுந்தான். உடல் வேர்த்துக் கொட்டியது. கைகள் நடுங்கின. பேச்சுக் குழறியது. வெயில் மயக்கம் என்று முகத்தில் தண்ணீர் தெளித்தோம். இன்னும் ஒன்றரை மணி நேரம்தானே, நோன்பை முறித்துவிடாதீர்கள் என்றார் ஒரு பெரியவர். நாமும் பேசாமல் நின்றோம். செய்தி கேட்டு ஓடி வந்த தாய், யாரையும் ஏறிட்டுப் பாராமல், பள்ளி வாசற்படியைத் தாண்டி வந்து, கையில் கொண்டுவந்த சர்க்கரைத் தண்ணீரை மகன் வாயில் மெல்ல மெல்லப் புகட்டினார். அதன் பிறகே 108 வண்டி வந்தது. அல்ஹம்து லில்லாஹ்! பிள்ளை பிழைத்தான்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. கிதாபை எடுத்துப் புரட்டினோம். நாம் பயானில் சொன்ன அந்த அறிவிப்பு அபூதாவூது, திர்மிதி ஆகிய நூல்களில் உள்ளது. அதன் தொடரில் பலவீனம் உண்டு என்று ஹதீதுக் கலை வல்லார் கூறுவர். அது கிடக்கட்டும். அந்த வாசகத்திலேயே, சலுகையோ நோயோ இல்லாமல் நோன்பை விட்டவர் என்றல்லவா தெளிவாக இருக்கிறது! தகுந்த காரணமின்றி என்று ஒரு சொல்லில் நாம் தாண்டிப் போன இடத்தில்தான் நோய் என்ற சொல் இருந்தது. அந்தப் பிள்ளை கேட்டிருக்க வேண்டிய சொல் அது ஒன்றே!

நிற்க. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பயணத்தில் ஒரு தோழரின் தலையில் கல்பட்டுக் காயமாயிற்று. அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தோரிடம் கேட்டார். தண்ணீர் கிடைக்கும்போது சலுகை இல்லை என்றனர். குளித்தார், இறந்தார். செய்தி எட்டியபோது அண்ணலார் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபங்கொண்டார்கள். அவர்கள்தாம் அவரைக் கொன்றுவிட்டனர் என்றும், தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதுதானே என்றும் கண்டித்தார்கள். மார்க்கத்தைச் சொல்லும் நாவுக்கு எத்துணை எச்சரிக்கை இது!

அந்தப் பிள்ளையின் கதை அத்துடன் முடியவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்தவன் யாரிடமும் பேசுவதை விட்டுவிட்டான். ஊசி போட மறுத்தான். இப்படி வாழ்வதைவிட மௌத்தாகிவிடலாம் என்று தாயிடம் சொன்னான். தாய் அழுதுகொண்டே நம்மிடம் வந்தார். நாம் ஓதிப் பார்த்தோம், ஸபூர் செய்யச் சொன்னோம். பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லை.

வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மாதந்தோறும் அரசு மருத்துவமனையில் இன்சுலின் வாங்க வரிசையில் நிற்கும்போது, அந்தத் தாய்க்கு மேல்சித்தாமூரைச் சேர்ந்த ஒரு சமணப் பெண்மணி பழக்கமானார். அவருடைய மகளுக்கும் இதே நோய். பிள்ளையை ஒருநாள் எங்கள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள் என்றார் அவர். அத்தா தயங்கவே, நாமும் உடன் சென்றோம்.

மேல்சித்தாமூர், செஞ்சி வட்டத்திலுள்ள ஊர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமும் பார்சுவநாதர் கோயிலும் அங்கேதான் உள்ளன. சூரியன் மறைந்த பின் உண்ணாதிருப்பது சமணர் போற்றும் நெறி. அந்த வீட்டுப் பாட்டியம்மாள் அந்த நெறியை உயிராய்க் காப்பவர். வாங்க பாய் என்று நம்மைத் திண்ணையில் உட்கார வைத்தார். அந்தப் பெண்பிள்ளையின் தலையணைக்கு அருகில் ஒரு சின்ன டப்பாவில் வெல்லமும் குளுக்கோஸும் இருந்தன. ராத்திரியில் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கினால் நான்தான் எழுந்து ஊட்டுவேன், நோன்பும் விரதமும் எனக்குத்தான், பிள்ளைக்கு உயிர்தான் முதல் என்றார் பாட்டியம்மாள். அக்கம்பக்கத்தார்க்கும் பள்ளி ஆசிரியைக்கும் அவள் நோய் தெரியும். யாரிடமும் மறைத்ததில்லை.

அந்தப் பெண்ணும் நம் பிள்ளையும் பெரியவர்கள் எதிரிலேயே ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த இடத்தில் ஊசி போட்டால் வலி குறைவு, தேர்வு அறையில் என்ன செய்வது, பிறர் வெறித்துப் பார்த்தால் என்ன சொல்வது என்பவைதாம் அவர்கள் பேச்சு. திரும்பி வரும் பேருந்தில் நம் பிள்ளை முதன்முறையாகச் சிரித்தான். என்னைப்போல் இன்னொருவர் இருக்கிறார் என்ற அறிவு, நம்முடைய நீண்ட உபதேசங்கள் செய்யாததைச் செய்துவிட்டது.

வீடு திரும்பியதும் புகாரீயில் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது நம் நினைவில் வந்து நின்றது. அண்ணலாருக்குப் பணிவிடை செய்துவந்த ஒரு யூதச் சிறுவன் நோயுற்றான். பெருமானார் (ஸல்) அவர்கள் தாமே அவன் வீடு தேடிச் சென்றார்கள். அவன் தலைமாட்டில் அமர்ந்தார்கள். பின்னர் அவனை இஸ்லாத்தின்பால் அழைக்க, அவன் தந்தையின் முகத்தைப் பார்த்து, அவர் இசைவு தர, ஏற்றுக்கொண்டான் என்பது வரலாறு. நாம் இங்கே கவனிக்க வேண்டியது அந்த வரிசையை. முதலில் சென்றார்கள், பிறகு அமர்ந்தார்கள், அதன் பின்னரே பேசினார்கள். நாமோ செல்லாமலும் அமராமலும் பேசத் தொடங்கிவிடுகிறோம்!

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைரின் சின்னக் குருவி இறந்துபோனபோது, துயரத்தில் இருந்த அந்தக் குழந்தையிடம் குருவியைப் பற்றியே கனிவாக விசாரித்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். ஒரு குருவிக்காக வாடிய குழந்தையின் மனத்தையும் சிறிதென்று அவர்கள் எண்ணவில்லை. வலிப்பு நோயால் வருந்திய ஒரு பெண்மணி, தம்மை அறியாமல் ஆடை விலகிவிடுகிறதே என்று முறையிட்டபோது, அவர் மானத்தைக் காக்க அல்லாஹ்விடம் துஆ செய்தார்கள். நோயாளிக்கு உடல் வேதனையோடு வெட்கத்தின் வேதனையும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி, இந்நோயைப் பற்றிச் சில சொற்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை உடலின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுவதால் முதல் வகை நீரிழிவு வருகிறது. இனிப்புத் தின்றதால் வருவதன்று; தொற்றுவதன்று; தாய் செய்த குற்றமும் அன்று. 1921-ல் கனடாவின் டொரன்டோ நகரில் இன்சுலின் கண்டறியப்படும்வரை, இந்நோய் கண்ட பிள்ளைகள் உயிர் தப்புவது அரிது. 1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக அது செலுத்தப்பட்டது. சாவின் விளிம்பில் இருந்த அவர் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்றோ முறையாக ஊசி போட்டுக்கொள்வோர் படிக்கிறார்கள், உழைக்கிறார்கள், மணம் முடித்து மக்களைப் பெறுகிறார்கள். ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியுள்ளான், மருத்துவம் செய்யுங்கள் என்ற நபிமொழியின் கருத்து நம் கண்முன் விளங்குகிறது.

இன்சுலின் பன்றியிலிருந்து எடுக்கப்படுவதாயிற்றே என்று சிலர் கேட்கின்றனர். முற்காலத்தில் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்தது உண்மை. 1982 முதல் நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்சுலினையே ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கும் முறை பழக்கத்துக்கு வந்துவிட்டது. இந்த ஐயத்தால் எவரும் ஊசியை நிறுத்திவிட வேண்டாம்.

நோன்பின் சட்டம் என்ன? நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்கலாம் என்றும், அல்லாஹ் நமக்கு எளிதையே நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை என்றும் ஸூரத்துல் பகரா கூறுகிறது. உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கட்டளையும் அதே ஸூராவில் உண்டு. எனவே, இந்நோயுள்ள பிள்ளை நோன்பு நோற்கலாமா கூடாதா என்பதை, ரமளானுக்கு முன்பே நோயறிந்த மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். சிலருக்கு ஊசியின் அளவையும் நேரத்தையும் மாற்றி அவர் அனுமதிக்கக்கூடும், பலருக்குத் தடுப்பார். தடுத்தால் விடுவதே வணக்கம். பின்னர் நோற்க இயலுமானால் களாச் செய்ய வேண்டும். இயலும் நம்பிக்கையே இல்லையானால் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா உண்டு. அளவை அவரவர் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்க. விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதாலும் இன்சுலின் ஊசியாலும் நோன்பு முறியாது என்பதே இக்கால ஆலிம்களில் பெரும்பாலோரின் தீர்ப்பு. நோன்பில் சர்க்கரை இறங்கிவிட்டால், மக்ரிபுக்கு ஐந்து நிமிடமே இருந்தாலும் உடனே இனிப்பை உண்டு நோன்பை விட்டுவிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மாறாக, ஊசியை நிறுத்தியதால் சர்க்கரை ஏறி வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்புக் கண்டாலும் அது உயிருக்கு ஆபத்தே.

பெற்றோர்களே! தாயத்துக் கட்டிவிட்டோம், இனி ஊசி வேண்டாம் என்று எவர் சொன்னாலும் கேளாதீர்கள். துஆவும் மருந்தும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. நோயைத் தெருவெல்லாம் பறைசாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஆசிரியரும், நெருங்கிய தோழர் ஒருவரும், பள்ளிவாசல் இமாமும் அறிந்திருப்பது பிள்ளைக்குப் பாதுகாப்பு. மத்தியக் கல்வி வாரியம் 2017-லேயே இந்நோயுள்ள மாணவர் தேர்வு அறைக்குள் இனிப்பும் சிற்றுண்டியும் எடுத்துச் செல்ல அனுமதித்துள்ளது. மறைத்தால் இத்தகைய வசதிகளும் கிட்டாமல் போகும். நிக்காஹ் பேசும்போது மறைப்பது மோசடி. நோயைக் காரணமாக்கி நல்ல பெண்ணைத் தட்டிக்கழிப்பதும் அழகன்று.

ஜமாஅத்தார்களே! இரத்தப் புற்றுநோய், இருதயக் கோளாறு, சிறுநீரக நோய் என்று எத்தனையோ இளம் பிள்ளைகள் நம் மஹல்லாக்களில் சிகிச்சையில் இருக்கின்றனர். மருந்துச் செலவுக்கு உண்டியல் வைக்கிறோம், நல்லது. மருத்துவமனைக்கு உடன் செல்ல ஆள் தருகிறோமா? விடுபட்ட பாடத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு மாணவனை அனுப்புகிறோமா? ஒரே நோயுள்ள இரு குடும்பங்களை, எந்த மதத்தாராயினும், ஒருவரையொருவர் அறியச் செய்கிறோமா? நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு அண்ணலார் சொன்னார்கள். அமர்ந்து தொழும் இளைஞனை வெறித்துப் பார்க்காமல் இருப்பதும் ஓர் உதவியே.

நீண்டகால நோயுள்ள இளைஞருக்கு மனச்சோர்வு அதிகம் நேர்கிறது என்று மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. அதனாலேயே சிறுவர் நீரிழிவு மருத்துவர்களின் உலக அமைப்பான இஸ்பாட், மனநலக் கவனிப்பையும் சிகிச்சையின் ஒரு பகுதியாக்கியுள்ளது. பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால், ஈமான் குறைந்துவிட்டது என்று ஏசாதீர்கள். துன்பம் தாளாமல் மரணத்தை வேண்டக் கூடாது என்று தடுத்த நபி (ஸல்) அவர்கள், வாழ்வு நன்மையாயின் வாழச் செய்வாயாக என்ற பொருளில் துஆவையும் கற்றுக்கொடுத்தார்கள். தடுத்ததோடு கைவிட்டுவிடவில்லை. பிள்ளையைத் தனியே விடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். ஆயினும் உங்கள் மடியும் வேண்டும்.

அடுத்த ரமளானில் அந்தப் பிள்ளை நோன்பு வைக்கவில்லை. அஸருக்குப் பின் பள்ளியில் நோன்புக் கஞ்சி ஊற்றிக் கொடுக்கும் பணியை அவனிடம் ஒப்படைத்தோம். ஏன் நோன்பில்லை என்று ஒருவர் கேட்டார். நாம் பதில் சொல்ல வாய் திறக்குமுன், எனக்கு நீரிழிவு, அல்லாஹ் எனக்குச் சலுகை தந்திருக்கிறான் என்று அவனே சொன்னான். கேட்டவர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவன் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

வல்ல நாயன் நம் பிணியுற்ற பிள்ளைகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! அவர்கள் தலைமாட்டில் அமரும் பொறுமையையும், அறியாததைக் கேட்டறியும் பணிவையும் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!